மூன்றாம் வருஷம் படிக்காத முத்துமணி

சேலம்
6-7-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்றாம் வருஷம் நான் படிக்கப் போவதில்லை. காலேஜை விட்டு நிற்கப் போகிறேன். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கடிதத்தை நீங்கள் அம்மாவுக்கு உரக்கப் படிப்பீர்கள். பாதியில் எதிர்வீட்டு முனவர் அத்தை வாசலில் ஏதாவது சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கப் போய்விடுவீர்கள். கடைசி வரியில் எழுதியிருந்தால் அம்மாவுக்கு அடுத்த வாரம்தான் தெரிந்திருக்கும்.

நீங்கள் வரிசையாக மூன்று விஷயம் நினைப்பீர்கள். ஃபெயில் ஆகவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காதல் இல்லை. படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வோல்ட்மீட்டரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நிற்கிறோம். முன்னால் நிற்கிற இரண்டு பேர் முள்ளைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் போன வருஷத்து அக்காக்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுகிறோம். எல்லாருக்கும் சரியான விடை.

டி.சி. வாங்க அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அது ஆனால்தான் பிளஸ் டூ ஒரிஜினலையும் கொடுப்பார்கள். அடுத்த வாரம் வந்து போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. உறையில் என் பெயருக்குப் பின்னால் ‘பி.எஸ்ஸி.’ என்று எழுதி அனுப்புவதை நிறுத்துங்கள். வார்டன் என்னை ‘பட்டதாரி’ என்றுதான் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

அன்பு மகள்,
முத்துமணி


மத்திகிரி
10-7-1987

அன்பு மகள் முத்துமணிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

நானும் உன் அம்மாவும் சௌக்கியம். வீட்டுக்கார வெங்கடம்மாவும் சௌக்கியம். அவள் எருமையும் சௌக்கியம், இப்போது நம் வாசலில்தான் கட்டிக் கிடக்கிறது.

உன் முதல் வரியை உரக்கத்தான் படித்தேன். உன் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “இன்னொருக்கப் படிங்க” என்றாள். படித்தேன். “தெளிவாத்தான் எழுதியிருக்கா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயத்துக்குப் போய்விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்துக்கு வந்ததுதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

தாயி, எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தவணையில் கட்டி முடித்தவன் நான். நம் வகையறாவில் கல்யாண மண்டப வாசல் போர்டைத் தவிர வேறு எங்கேயும் பி.எஸ்ஸி. என்று எவனும் பார்த்ததில்லை. அதுவும் மாப்பிள்ளை வீட்டார் பெயருக்குப் பக்கத்தில். இன்னும் ஒரே ஒரு வருஷம். ரசம் வரைக்கும் சாப்பிட்டவள் மோர் ஊற்றுகிற நேரத்தில் இலையை மடக்குவாளா?

எங்கள் லாரிக் கம்பெனி ஸ்டோர்ஸுக்குப் புதிதாக ஒரு டிகிரிக்காரப் பையன் வந்திருக்கிறான். லாரி ஸ்பிரிங்குக்கும் பேனா ஸ்பிரிங்குக்கும் வித்தியாசம் கேட்டால் யோசிப்பான். ஆனால் அவன் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான், பதினொரு வருஷ சர்வீஸ்காரன் நான் எழுந்து நின்று எடுத்துக் கொடுக்கிறேன். அவனுக்கு மீசை கூட ஒழுங்காக வரவில்லை. நாற்காலி வந்துவிட்டது.

அப்புறம் சாத்தூர் பாங்க் மாப்பிள்ளை. உன் சாத்தூர் அத்தை பேசி வைத்திருக்கிறாள். டிகிரிப் பெண்தான் வேண்டும் என்கிறார்கள், ஆனால் வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று இருக்கும்போது உன் பெயருக்குப் பக்கத்தில் வெறுமையாக விட்டால் அச்சகத்துக்காரன் அந்த இடத்தில் ரோஜாப்பூ போட்டுவிடுவான்.

ஆகவே கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாவுக்குக் கையில் சுளுக்கு என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிடு.

உன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: நின்றுவிட்டு என்ன செய்யப் போகிறாயாம்?

அன்பு அப்பா,
சௌந்தரராஜன்


சேலம்
15-7-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கேள்விக்குப் பதில். ஓசூரில் எலெக்ட்ரிக் மீட்டர் செய்கிற புதுக் கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறேன். நம் முனவர் அத்தை மகள் சுக்ரா அங்கேதான் இருக்கிறாள். மே மாதம் அவளோடு கெலமங்கலம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. கம்பெனியில் டெஸ்ட் எழுதினேன்.

எழுத்து கொஞ்சம், கைவேலைதான் நிறைய. ஒரு தட்டில் குருணை மாதிரி திருகாணிகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் துளையில் வைக்க வேண்டும். பக்கத்துப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. எனக்கு நடுங்கவில்லை அப்பா. முடித்து நிமிர்ந்தபோது மீட்டரின் முள் நகர்ந்தது. நானே பார்த்தேன், எனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. இரண்டு வருஷம் காலேஜில் எனக்கு அந்த மாதிரி ஒரு நாள் வரவில்லை.

பாஸாகிவிட்டேன். அங்கே பிளஸ் டூ பெண்களைத்தான் எடுக்கிறார்கள். டிகிரி முடித்தவர்கள் வேண்டாம், காலேஜில் படித்துக்கொண்டிருப்பவர்களும் வேண்டாம். இருபது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். மூன்றாம் வருஷம் முடித்துவிட்டு வந்தால் வயதும் தாண்டிவிடும், டிகிரியும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இப்போதே.

வீட்டைப் பார்த்து விசாரிக்க பாஸ்கரன் என்று, ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற பர்சனல் ஆபீசர் ஒருவர் வருவார். டி.சி. வாங்கிய பிறகு காலேஜ் விஷயத்தை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் கம்பெனியைத் திட்ட வேண்டாம், புகழவும் வேண்டாம். அம்மாவைப் பேசவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். உங்களிடம் இதுவரை நான் கேட்டதிலேயே பெரிய உதவி இதுதான் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சாத்தூர்க்காரருக்கு டிகிரி வேண்டும், வேலை வேண்டாம் என்றால் யாருடைய சர்டிபிகேட்டையாவது கண்ணாடி போட்டு அனுப்பி வையுங்கள். சுவரில் மாட்டிக்கொள்ளட்டும். அதோடு நானும் எதற்கு?

முத்துமணி


மத்திகிரி
27-7-1987

அன்பு மகள் முத்துமணிக்கு,

நேற்று அந்த பாஸ்கரன் வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் அம்மா எழுதச் சொன்னாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

சின்ன வயசுப் பையன், பாக்கெட்டில் இரண்டு பேனா. நான் வாயில் வெற்றிலையைப் போட்டு அடக்கிக்கொண்டேன். பேச முடியாதபடி பெரிய சுருளாகவே போட்டேன். உன் அம்மா எல்லாக் கேள்விக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். எத்தனை பேர், மூணு. சொந்த வீடா, வாடகை. அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. நம் தெருவில் யாரும் இதை நம்ப மாட்டார்கள். முனவர் பேகம் என்னவோ ஏதோ என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

எழுந்து செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார்: “சரிம்மா, பொண்ணு பன்னெண்டாவதோட நின்னிருச்சு, வீட்ல சும்மாத்தான் இருக்குது, அப்படித்தானே?”

சும்மாவா? வெற்றிலையைத் துப்பிவிட்டேன்.

“சும்மா இல்ல சார். சேலத்துல பி.எஸ்ஸி. பிசிக்ஸ். ரெண்டு வருசம் முடிச்சிட்டா. கிளாஸ்ல பத்துக்குள்ள வருவா” என்றேன். அதோடு நின்றேனா? உள்ளே போய் நீ கருப்பு கவுன் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு நின்ற போட்டோவையும் கொண்டுவந்து காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“வேணும்னே பண்ணிட்டீங்க” என்கிறாள் உன் அம்மா. வேண்டுமென்று செய்யவில்லை தாயி. வேண்டாமென்று நினைத்தும் செய்யவில்லை. வாய் செய்தது. என் பிழைப்பில் பாதி அது செய்ததுதான்.

சரி, ஆனது ஆயிற்று. இதைத் தெய்வ சங்கல்பம் என்று எடுத்துக்கொண்டு படிப்பை முடித்துவிடு. சாத்தூர்க்காரர்கள் ஆவணியில் பார்க்க வருகிறார்கள்.

அப்பா


ஓசூர்
9-8-1987

அப்பாவுக்கு,

இது ஓசூரிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதீர்கள், தனியாக இல்லை. சுக்ராவோடு வேலை செய்கிற நான்கு பெண்கள் எடுத்திருக்கிற வீட்டில் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறி வந்து, மத்திகிரி பக்கம் திரும்பாமல் நேராகக் கம்பெனிக்குப் போய் பாஸ்கரன் சார் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

“உங்கப்பா எல்லாம் சொல்லிட்டாரும்மா” என்றார்.

“அவர் எல்லாருகிட்டயும் எல்லாத்தையும் சொல்வார் சார். படிச்சது நெசம். விடப் போறதும் நெசம்.”

“ஆறு மாசம் டிரெய்னிங் குடுப்போம். அதுக்கப்புறம் உங்கப்பா வந்து, டிகிரி முடிக்கணும்னு கூட்டிட்டுப் போயிட்டா? என்ன கேரண்டி?”

“டி.சி. கொண்டாந்து குடுக்கறேன் சார். அதை வாங்கிட்டா எனக்குத் திரும்பிப் போக எடமில்ல. அதுதான் கேரண்டி.”

பத்தாம் தேதிக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்.

உங்கள் கையெழுத்தைப் போட எனக்குத் தெரியும். ரேங்க் கார்டில் போட்டுப் பழகிய கை. இதில் அப்படிப் போட எனக்கு இஷ்டமில்லை. ஒளித்து எடுத்துக்கொண்டு போகிற காரியமா இது? அதனால் அம்மாவுக்கு எழுதினேன், முனவர் அத்தை வீட்டு விலாசத்துக்கு.

போன வியாழக்கிழமை அம்மா சேலம் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டு வெங்கடம்மாவோடு கிளம்பினாள் அல்லவா? கோயிலுக்கும் போனார்கள். அதற்கு முன்னால் காலேஜுக்கு வந்தார்கள்.

பிரின்சிபால் மேடம், “அப்பா ஏன் வரலை? அவர் வந்தால்தான் கொடுப்போம்” என்றார்.

அம்மா சொன்னாள்: “அவரு வந்தா பேசிக்கிட்டே இருப்பாரு மேடம், உங்க வேலை கெடும். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன். பெத்தவ நேர்ல நிக்கறேன், இன்னும் யாரு வரணும்?”

“படிப்பை நடுவில் நிறுத்தினால் வருத்தப்படுவீங்கம்மா.”

“வருத்தப்பட்டா அவ படட்டும் மேடம். அவளுக்குச் சேர்த்து நான் படிக்கவும் முடியாது, படவும் முடியாது.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெங்கடம்மா, “இச்செய்யம்மா, குடுத்துடு தல்லி” என்றாள். பிரின்சிபால் மேடத்தைத் தெலுங்கில் ‘தல்லி’, அதாவது ‘தாயே’, என்று கூப்பிட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். மேடம் சிரித்துவிட்டார். கொடுத்துவிட்டார்.

நாளைக்குச் சேருகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. தெரிவித்து எழுதுகிறேன்.

முத்துமணி


மத்திகிரி
16-8-1987

முத்துமணிக்கு,

கோயிலுக்குப் போனவள் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினாள். நானும் குனிந்து காட்டினேன். இந்த வீட்டில் எவ்வளவு பெரிய முட்டாள் குடியிருக்கிறான் என்று எருமைக்குக்கூட அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இனி என் முகத்தில் விழிக்காதே. வீட்டுக்கு வராதே. நான் உன்னோடு பேசப் போவதில்லை. உன் அம்மாவோடும் பேசுவதில்லை, சாப்பாட்டு விஷயம் தவிர. கடிதம் எழுதலாம். அது பேச்சில் சேராது.

ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை ஓரம் கட்டிவிட்டீர்கள். நான் வாயாடிதான். ஆனால் உன்னைப் பற்றிப் பேசியதெல்லாம் பெருமையாகத்தான் பேசினேன். வேறு எதைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது? ஸ்பிரிங்கைப் பற்றியா?

காலேஜில் இப்போது போய்க் கேட்டால்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். யோசி.

எங்கள் கம்பெனி கங்கப்பன் புது லூனா மொபெட் வாங்கியிருக்கிறான், ஃபிட்டர் வேலை பார்க்கிறவன் அதைத் தள்ளிக்கொண்டே வருகிறான். நேரில் சொன்னால் சிரிப்பாய். நேரில் சொல்லப் போவதில்லை.

சௌந்தரராஜன்


ஓசூர்
3-9-1987

அப்பாவுக்கு,

சுக்ரா சொன்னாள். நான் கம்பெனிக்கு வந்திருப்பது காலேஜே அனுப்பிய பிராக்டிகலாம். ஆறு மாதமாம். முடிந்ததும் நேராகப் பட்டம் கொடுப்பார்களாம். தெருவில் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் கம்பெனி கேன்டீனில் சொல்லியிருக்கிறீர்கள், சாத்தூருக்கும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஆறு மாதம் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்களாம்.

நீங்கள் திட்டியதைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். நான் விட்டேன். யாரும் அனுப்பவில்லை, யாரும் துரத்தவில்லை. என் வாழ்க்கையில் நானாகச் செய்த முதல் காரியம் இது, அதையும் காலேஜ் கணக்கில் எழுதுகிறீர்கள்.

இங்கே காலையில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் உட்காருகிறேன். கழுத்து வலிக்கிறது. சூப்பர்வைசர் அம்மாள் சிடுசிடு. போன வாரம் ஒரு டிரே முழுக்கத் தப்பாகப் பூட்டி ஏச்சு வாங்கினேன். சந்தோஷமாக மட்டும் இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் வந்தேன் என்று ஒரு நாளும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வராதே என்று நீங்கள் சொன்னீர்கள். இப்போது நான் சொல்கிறேன், வர மாட்டேன். தீபாவளிக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன். ‘என் மகள் காலேஜை விட்டுவிட்டாள், அவளாகத்தான் விட்டாள்’ என்று நீங்கள் எல்லார் முன்னாலும் சொல்லும் வரைக்கும். சாத்தூருக்கும் அதையே எழுத வேண்டும். அம்மா சொன்னால் கணக்கில் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முத்துமணி


மத்திகிரி
20-9-1987

அன்பு மகள் முத்துமணிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தைப் பதினைந்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உன் அம்மா கேட்டாள், இன்லேண்டு ஒன்றும் வரவில்லை என்றேன். அவள் எதிர்வீட்டில் விசாரித்து என்ன எழுதியிருக்கிறது என்பதை எனக்கே சொன்னாள்.

நேற்று மத்தியானம் கேன்டீனில் எல்லாரும் இருந்தார்கள். சாம்பார் வாளி எங்கள் மேஜைக்கு வருகிற நேரம். நான் எழுந்து நின்றேன். நான் எழுந்தால் கதை சொல்லப் போகிறேன் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த டிகிரிப் பையனும் பார்த்தான். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தேன்.

“என் பொண்ணு முத்துமணி பிராக்டிகலுக்கு வரல. காலேஜ விட்டுட்டா. அவளாத்தான் விட்டா. மீட்டர் கம்பெனில வேலை பாக்கறா” என்றேன்.

கங்கப்பன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “அது தெரியும் சார்” என்றான்.

“எப்படிய்யா தெரியும்?”

“ஆடி மாசமே தெரியும். உங்க ஊட்டுக்கார வெங்கடம்மா பால் ஊத்த வர்றப்ப சொல்லுச்சு. காலேஜ்ல பெஞ்சு ரொம்ப உசரம்னுகூடச் சொல்லுச்சு.”

“அப்புறம் எதுக்குய்யா தினம் தினம் ‘பிராக்டிகல் எப்படி சார் போவுது’ன்னு கேட்ட?”

“நீங்க அத்தனை ஆசையாச் சொன்னீங்க. கேக்காம இருந்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு எல்லாருமா மொறை வெச்சுக் கேட்டோம். திங்கக்கிழமை நான், செவ்வாக்கிழமை இவரு.”

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? தெருவில் வந்து கேட்டால் அங்கேயும் அதே கதை. முனவர் பேகத்துக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், தபால்காரனுக்கு எல்லாருக்கும் முன்னால் தெரியும். அந்த பிராக்டிகலை நம்பிக்கொண்டிருந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

சாத்தூருக்குப் போன வாரமே எழுதிப் போட்டுவிட்டேன். உன் அத்தையிடமிருந்து பதில் வந்தது. அதை இங்கே எழுதினால் இந்தக் காகிதம் கருகிவிடும். சம்பந்தம் முறிந்தது. அவள் என்னோடு பேச மாட்டாளாம். இப்போது நம் குடும்பத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்று ஒரு சுவரில் எழுதி வைத்தால்தான் எனக்கு ஞாபகம் இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். நீ உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி அது. நீ செய்தாய் என்று மட்டும்தான் எல்லாரிடமும் சொன்னேன். நீ கேட்டதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் அம்மா கோழி அடிக்கிறாளாம், இதை அவள் என்னிடம் சாப்பாட்டு விஷயமாகச் சொன்னாள். நான் வாசலில் இருப்பேன். பேசுவேனா என்று இப்போதே சொல்ல முடியாது.

அன்பு அப்பா,
சௌந்தரராஜன்


ஓசூர்
24-9-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். சரி என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, நாற்காலி விஷயத்தில் உங்கள் வயிறு எரிவதையும் நான் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே எனக்கும் ஸ்டூல்தான், முதுகு சாயாது.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாது. மின்வெட்டுக்காக இங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. எங்களுக்குச் செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை காலை வருகிறேன். கோழியை அம்மா அதுவரை விட்டு வைக்கட்டும். நீங்கள் லீவு போடுங்கள்.

அன்பு மகள்,
முத்துமணி